கட்டுப்படியாகும் மிக்ஸி: சேலம், நாமக்கல் சமையலறைகளை முன்வைத்து

கொள்ளுச் சட்னி அரைத்துப் பார்த்தால் ஒரு மிக்ஸியின் தரம் தெரிந்துவிடும். வெந்த கொள்ளு, வறுத்த வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, துளி புளி, இவ்வளவுதான் சேர்மானம். தண்ணீர் கூடினால் ருசி போய்விடும். தண்ணீர் குறைந்தால் பிளேடைச் சுற்றியிருப்பது மட்டும் பசையாகி, மேலே கிடப்பது அசையாமல் நிற்கும்; மோட்டார் வெறுமனே இரையும். நல்ல மிக்ஸியாக இருந்தால் நாலைந்து முறை விட்டு விட்டு ஓட்டி, நடுவில் ஒரு தடவை கரண்டியால் தள்ளிவிட்டால் போதும், அரைத்துக் கொடுத்துவிடும். மட்டமானது சூடேறி, கருகல் வாடையோடு நின்றுபோகும். சேலத்திலிருந்து ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு என்று இறங்கிக் காவிரிக் கரையில் பரமத்தி வேலூர் வரை விரியும் இந்தச் சமவெளியில் மிக்ஸிக்குப் பரீட்சை வைப்பவை இப்படிப்பட்ட பண்டங்களே. கடைக்காரர் நம் எதிரில் ஓட்டிக் காட்டும் பழச்சாற்றை எந்த மிக்ஸியும் அடித்துவிடும்.

ஆகவே, "குறைந்த விலையில் நல்ல மிக்ஸி எது?" என்ற கேள்விக்கு விடை தேடும்போது முதலில் பார்க்கவேண்டியது விலைப்பட்டியலை இல்லை, நம் வீட்டில் ஒரு வாரத்தில் என்னென்ன அரைபடுகிறது என்பதை. காலையில் தேங்காய்ச் சட்னி அல்லது நிலக்கடலைச் சட்னி. மத்தியானக் குழம்புக்கு மல்லி, மிளகு, சீரகம், வரமிளகாயை வறுத்துத் தேங்காயோடு செலவு அரைப்பது. ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி எடுத்தால் அதே செலவு இரண்டு மடங்கு. பிள்ளைகள் கேட்டு வீட்டிலேயே தட்டுவடை செட் போட்டால் காரச் சட்னி ஒன்று, புதினாச் சட்னி ஒன்று. (பள்ளிபாளையம் சிக்கனுக்கு மட்டும் மிக்ஸி தேவையில்லை, வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு, தேங்காயைப் பல்லுப் பல்லாகச் சீவிப் போட்டால் முடிந்தது.) இவற்றில் முக்கால்வாசி, தண்ணீர் குறைவாக, கெட்டியாக, சிறிய அளவில் அரைப்பவை. இந்தியாவுக்கு வெளியே தயாரான பிளெண்டர்கள் இங்கே தோற்றதற்குக் காரணமும் இதுதான். உயரமான கண்ணாடி ஜாடி, அடியில் மெல்லிய பிளேடு, தளதளவென்ற திரவம் என்று கணக்குப்போட்டு உருவான கருவி அது. அதில் துவையல் போட்டால் பிளேடு காற்றில் சுற்றும்.

இந்திய மிக்ஸி பிறந்த கதையும் அந்தத் தோல்வியிலிருந்துதான் தொடங்குகிறது. பம்பாயில் சீமென்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் சத்ய பிரகாஷ் மாத்தூர். 1960களில் அவருடைய மனைவி மாதுரி வைத்திருந்த ஜெர்மானிய பிரான் மிக்ஸர் நம் ஊர் அரைப்புக்குத் தாங்காமல் பழுதானது. இந்தியாவில் அதைச் சரிசெய்ய வழியில்லை. நம் மசாலாவைத் தாங்கும் மோட்டாரை மாத்தூர் தாமே வடிவமைத்தார். அதுதான் பிறகு சுமீத் என்ற பெயரில் வந்து, ஒரு தலைமுறைக்கு மிக்ஸி என்றாலே சுமீத் என்றானது. அந்தக் கண்டுபிடிப்பில் மோட்டாரின் பலத்தோடு ஜாரின் வடிவத்துக்கும் பெரிய பங்கு உண்டு. குட்டையான ஸ்டீல் ஜார், தடித்த பிளேடு, பிளேடுக்கும் அடித்தட்டுக்கும் நடுவே சிறு இடைவெளி, சுவரில் மோதும் விழுதை மறுபடி நடுவுக்குத் தள்ளும் உள்விளிம்புகள். அம்மியில் கை செய்த வேலையை இந்த வடிவம் செய்தது. சென்னையில் 1978இல் ப்ரீத்தி தொடங்கப்பட்டது. "ப்ரீத்திக்கு நான் கியாரண்டி" என்ற விளம்பரம் தமிழ்நாட்டில் தெரியாத வீடு இல்லை. 2011இல் அந்த நிறுவனத்தைப் பிலிப்ஸ் வாங்கியது. பட்டர்ஃபிளை, பிரஸ்டீஜ், விடியம் என்று தெற்கில் வேர்விட்ட பெயர்கள் பல. 2022இல் பட்டர்ஃபிளையின் பெரும்பான்மைப் பங்கு கிராம்ப்டனிடம் போனது. பெயர் அதே இருக்க முதலாளி மாறியிருக்கலாம் என்பதால், "எங்கம்மா காலத்துல இந்தக் கம்பெனி இருபது வருஷம் ஓடுச்சு" என்ற சாட்சியை இன்றைய மாடலுக்கு அப்படியே பொருத்துவது சரிவராது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைப் பேசும்போது 2011 செப்டம்பர் 15ஐத் தாண்டிப் போக முடியாது. திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கினார். குடும்ப அட்டை வைத்திருக்கும் ஏறத்தாழ 1.8 கோடிக் குடும்பங்களின் பெண்களுக்குக் கொடுப்பது இலக்கு. அந்தப் பொருட்களின் தரத்தைப் பற்றி ஊருக்கு ஒரு பேச்சு உண்டு. சில வீடுகளில் பரணுக்குப் போனது, சில வீடுகளில் இன்னும் ஓடுகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தறிக் குடிசையிலும் காட்டு வீட்டிலும் அம்மியும் ஆட்டாங்கல்லும் தவிர வேறு அறியாத பெண்களின் கையில் அது மின்கருவியைக் கொடுத்தது. பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளை போன்ற ஊர்களில் விடியலிலேயே தறிக்குப் போகவேண்டிய பெண்ணுக்கு அம்மியடியில் கழிந்த நேரம் தூக்கத்திலிருந்து வெட்டி எடுத்த நேரம். மிக்ஸியை ஆடம்பரம் என்று பேசுகிறவர்கள் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. அம்மித் துவையலின் ருசி மேலானதுதான், மறுக்கவில்லை. அந்த ருசிக்கு யாருடைய முதுகு வலித்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அந்தத் திட்டத்தில் கிரைண்டரும் வந்ததால், மிக்ஸியைத் தேர்ந்தெடுக்கும் கணக்கே இங்கே மாறிவிட்டது. இட்லி மாவு ஆட்ட வீட்டில் கிரைண்டர் இருந்தால், மிக்ஸியின் தலையிலிருந்து பெரிய பாரம் இறங்கிவிடுகிறது. உளுந்தை மிக்ஸியில் அரைத்தால் வேகத்தில் மாவு சூடாகும், கிரைண்டரில் ஆட்டியதுபோலக் காணாது. கோயம்புத்தூர்க்காரர்கள் 1950களிலிருந்து வளர்த்து, புவிசார் குறியீடும் பெற்ற அந்தக் கல் கிரைண்டர் மெதுவாகச் சுற்றுவதால்தான் மாவு பொங்குகிறது. எனவே கிரைண்டர் உள்ள நான்கு பேர் குடும்பத்துக்கு 500 அல்லது 550 வாட் மிக்ஸி தாராளம். கிரைண்டர் இல்லாமல் மாவும் மிக்ஸியில்தான் என்றால் 750 வாட்டுக்குக் கீழே போகவேண்டாம். என் தீர்ப்பில் வாட் பற்றிய பேச்சு இதோடு முடிந்துவிடலாம். ஆனால் கடைகளில் வாட்டை வைத்துத்தான் விலையே ஏற்றுகிறார்கள், ஆகையால் இன்னும் கொஞ்சம் விளக்கவேண்டியிருக்கிறது.

வாட் என்பது மோட்டார் இழுக்கும் மின்சாரத்தின் அளவு. பிளேடுக்குப் போய்ச் சேரும் பலத்தை அது சொல்வதில்லை. இழுத்த மின்சாரத்தில் ஒரு பங்கு சூடாகவும் சத்தமாகவும் வீணாகும். எவ்வளவு வீணாகும் என்பது காயில் எதில் சுற்றப்பட்டிருக்கிறது, மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சர் எவ்வளவு நேர்த்தியாகச் சமன்செய்யப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. செம்புக் கம்பியைவிட அலுமினியக் கம்பிக்கு மின்தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். அதே தடிப்பில் அலுமினியம் சுற்றினால் சூடு கூடும், ஆயுள் குறையும். 750 என்று ஒட்டிய அலுமினியக் காயில் மிக்ஸி, நல்ல செம்பு சுற்றிய 550இடம் தோற்றுப்போகும். காயிலைக் கடையில் திறந்து பார்க்க முடியாது, கையில் தூக்கிப் பார்க்கலாம். செம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது. ஒரே வாட், ஒரே அளவு என்று இரண்டைத் தூக்கிப் பார்த்தால் கை ஓரளவு சொல்லிவிடும். அடியில் எடைக்காகவே இரும்பு வைத்து ஏமாற்றவும் முடியும் என்பதால், பில்லில் அல்லது பெட்டியில் செம்புச் சுற்று என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது.

கரண்டு பில் கூடிவிடும் என்று பயந்து சின்ன மிக்ஸி வாங்குகிறவர்களும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். தினம் கால் மணி நேரம் முழு பாரத்தோடு ஓடினால், 750 வாட் மிக்ஸி இரண்டு மாதத்தில் இழுப்பது சுமார் 11 யூனிட். 500 வாட் இழுப்பது ஏழரை யூனிட். வித்தியாசம் நாலு யூனிட்கூட இல்லை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகை 2016லிருந்து இருக்கிறது. அதைத் தாண்டுகிற பெரும்பாலான வீடுகளிலும் இந்த வித்தியாசம் இருபது முப்பது ரூபாயோடு நின்றுவிடும்.

மின்சாரத்தில் உண்மையான தொல்லை வோல்டேஜ். தறிப்பட்டறையும் கிணற்று மோட்டாரும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் தொங்கும் தெருக்களில், எல்லாம் ஓடுகிற நேரத்தில் பல்பு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வோல்டேஜ் குறையும் வேகத்தைவிட அதிக வேகத்தில் மிக்ஸி மோட்டாரின் இழுவை குறையும். சுற்று மெதுவாவதால் தண்டில் பூட்டிய விசிறி அடிக்கும் காற்றும் குறைந்து, உள்ளே சூடு தங்கும். மிக்ஸி எரிந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தான், அதாவது ஓவர்லோடு, அளவுக்கு மீறினால் துள்ளிக்கொண்டு மின்சாரத்தை அறுத்துவிடும். அது இல்லாத மிக்ஸியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. பொத்தான் விழுந்ததும் உடனே அமுக்கிவிட்டு மறுபடி ஓட்டுவதும் தப்பு. பத்து நிமிஷமாவது ஆறவிடவேண்டும். பல்பு மங்கும் நேரத்தில் கெட்டியாக எதையும் அரைக்காமல் இருப்பது இன்னும் மேல்.

இனி ஜார். இதில் சேலத்துக்காரர்களுக்குச் சொந்தப் பெருமை ஒன்று இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலையால் 'சேலம் ஸ்டெயின்லெஸ்' என்ற பெயர் நாடெங்கும் பாத்திரக் கடைகளில் தரத்தின் முத்திரையானது. அந்த ஊரில் இருந்துகொண்டு ஜாரின் ஸ்டீலைப் பார்க்காமல் வாங்கலாமா? வீட்டுக் கருவிகளில் பெரும்பாலும் இரண்டு ரகம் வரும்: 304, 202. முதலாவதில் நிக்கல் அதிகம். புளி, உப்பு, தக்காளி பட்டாலும் எளிதில் புள்ளி விழாது. இரண்டாவது மலிவு, அதில் நிக்கலுக்குப் பதிலாக மாங்கனீஸ் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். நாள்பட்டால் அடிப்பக்கம், பற்றவைத்த இடங்களில் கறை ஏறும். காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். இரண்டுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாதவை. நன்றாக ஒட்டினால் அது மூன்றாவது ரகமாக இருக்கலாம், அவ்வளவே சொல்ல முடியும். பெட்டியில் எண் போட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி.

மூன்று ஜார் போதும். நாலாவது, ஐந்தாவது என்று பிளாஸ்டிக் ஜூஸ் ஜாரும் வடிகட்டியும் சேர்த்து விலை ஏற்றிய செட்டுகள் பெரும்பாலான வீடுகளில் அலமாரியை அடைத்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பணம் மோட்டாருக்குப் போயிருக்கவேண்டியது. மூன்றில் தினமும் உழைப்பது சட்னி ஜார். அதை வெளியே எடுத்து, உள்ளே விரலை விட்டு, பிளேடு அடித்தட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். உயரம் கூடினால் இரண்டு பேருக்கான சட்னி அதில் அரைபடாது. பிளேடைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புது ஜாரிலேயே ஆட்டம் இருந்தால், பிளேடுத் தண்டைத் தாங்கும் புஷ் சீக்கிரம் தேய்ந்து கசியும். ஜாரை மிக்ஸியில் வைத்தால் தடதடவென்று ஆடாமல் உட்காரவேண்டும். மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடிக்க வசதியா என்று வீட்டில் சமைக்கிறவரே பார்க்கவேண்டும். மிக்ஸி வாங்க ஆண்கள் மட்டும் போய் வருவது இன்னும் நம் ஊரில் வழக்கமாக இருப்பது எனக்கு வருத்தம்.

விட்டு விட்டு ஓட்டும் வசதி பற்றிக் கடைக்காரர்கள் அதிகம் பேசுவதில்லை. குமிழை இடப்பக்கம் திருகிப் பிடித்திருக்கும்வரை ஓடி, விட்டதும் நிற்கும் அந்த அமைப்பு நம் சமையலுக்கு உயிர். கம்மஞ்சோற்றுக்குக் கம்பை உரலில் தண்ணீர் தெளித்து இடித்துத் தவிடு நீக்கிய வேலையை, இன்று ஈரக் கம்பை மிக்ஸியில் இரண்டிரண்டு விநாடி சுற்றிப் புடைத்துச் செய்கிறார்கள். ஒரேயடியாக ஓடவிட்டால் மாவாகிவிடும், சோறு ஆகாது. நிலக்கடலையும் அப்படியே, விடாமல் சுற்றினால் எண்ணெய் விட்டுப் பிசினாகும். இந்தத் திருகு தளர்வாக, விட்டாலும் நிற்காமல் இருக்கிறதா என்பதைக் கடையிலேயே சோதித்துவிடவேண்டும். எதை மிக்ஸியில் போடக்கூடாது என்பதும் தெரிந்திருக்கவேண்டும். காய்ந்த மஞ்சள் கிழங்கு, வருஷத்துக்கான மிளகாய்த்தூள், மூட்டை ராகி எல்லாம் மாவு மில்லுக்குப் போகவேண்டியவை. மில்லுக்குக் கொடுக்கும் கூலியை மிச்சம் பிடிக்கப்போய் மோட்டாரை எரித்துக்கொள்வதில் ஒரு லாபமும் இல்லை.

பழுது பார்ப்புக்கு வருவோம். ஒரு மிக்ஸி கட்டுப்படியாகுமா என்பதை முடிவுசெய்வது இதுதான் என்று நினைக்கிறேன். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகின்றன. நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் வரிசையாக நிற்கின்றன. தறியும் பம்ப்செட்டும் நிறைந்த ஊர்களில் காயில் கட்டும் கடை இல்லாத பேருந்து நிலையம் அபூர்வம். இயந்திரம் தெரிந்த கைகள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் மண்ணில், பழுதானதும் தூக்கிப் போடும் மிக்ஸியை வாங்குவது நம் பலத்தை நாமே பயன்படுத்தாமல் விடுவதாகும். தேயும் பாகங்கள் சிலதான். மோட்டாரின் கார்பன் பிரஷ், மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளர், ஜாரின் புஷ், வாஷர், பிளேடு. இவற்றில் பெரும்பாலானவை நூறு இருநூறு ரூபாயில் முடிகிற வேலை. கப்ளர் அடிக்கடி உடைகிறதே என்று குறைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பிளேடு எதிலாவது சிக்கி நின்றால் முதலில் பற்கள் நொறுங்கி மோட்டாரைக் காப்பாற்றுவது அதன் வேலை. அது உடைவதில் தவறில்லை, உள்ளூரில் கிடைக்காமல் போவதில்தான் தவறு.

ஆகவே மிக்ஸி கடைக்குப் போகும் முன் பழுது பார்க்கும் கடைக்குப் போங்கள் என்பேன். நீங்கள் மனதில் வைத்திருக்கும் மாடலின் கப்ளரும் கார்பனும் அவரிடம் இருக்கிறதா, எந்தக் கம்பெனி ஜாருக்குப் புஷ் மாற்ற முடிகிறது, எதை வெறுமனே திருப்பி அனுப்புகிறார் என்று ஐந்து நிமிஷம் கேட்டால், நட்சத்திர மதிப்பெண்களில் கிடைக்காத விவரம் கிடைக்கும். ஆன்லைனில் மட்டும் விற்கும், ஊர் பேர் தெரியாத மிக்ஸிகள் இந்தச் சோதனையில்தான் விழுகின்றன. ஆயிரத்து சொச்சத்துக்கு வாங்கி, ஒரு கப்ளர் கிடைக்காமல் மூட்டை கட்டினால் அது மலிவா?

விலை நிலவரம் சுமாராக இப்படி இருக்கிறது: பெயர் தெரிந்த கம்பெனிகளின் 500 வாட் மிக்ஸி இரண்டாயிரத்தை ஒட்டி, 750 வாட் மூவாயிரத்திலிருந்து ஐந்தாயிரத்துக்குள். 2018 ஜூலையில் மிக்ஸி, கிரைண்டர் மீதான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஏழைக் குடும்பத்துக்கு அது இன்னும் கூடுதல்தான். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளியிலும் விலை இறங்கும். ஆனால் பழசைக் கொடுத்துப் புதுசு எடுக்கும் திட்டத்தில் அவசரப்பட வேண்டாம். கார்பன் மாற்றினால் ஓடக்கூடிய கனமான பழைய மிக்ஸியை இருநூறு முந்நூறுக்குக் கொடுத்துவிட்டு எடையில்லாத புதியதைத் தூக்கி வருகிற வீடுகள் ஏராளம். கல்யாணச் சீரில் வரும் மிக்ஸியிலும் கவனம் தேவை. மேசையில் வைத்தால் பளபளப்பாகத் தெரியவேண்டும் என்று வாங்குகிறவர் ஒருவர், இருபது வருஷம் அதில் அரைக்கப்போகிறவர் இன்னொருவர்.

ஐஎஸ்ஐ முத்திரையும், வீட்டு மிக்ஸிக்கான ஐஎஸ் 4250 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். உத்தரவாத அட்டையில் சிறிய எழுத்தைப் படியுங்கள். மோட்டாருக்கு ஐந்து வருஷம் என்று பெரிதாகப் போட்டு, தேய்கிற பாகங்கள் அத்தனையையும் கீழே விலக்கியிருப்பார்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. மிக்ஸிக்காக வழக்கா என்று சிரிப்பவர்கள், மாதச் சம்பளத்தில் கால் பங்கை அதில் போட்ட தறிக்காரரிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

கிரைண்டர் இருக்கும் சிறு குடும்பத்துக்கு 500 அல்லது 550 வாட், மூன்று ஸ்டீல் ஜார், ஓவர்லோடு பொத்தான், உள்ளூரில் உதிரி. கூட்டுக் குடும்பத்துக்கும், வோல்டேஜ் தடுமாறும் காட்டு வீட்டுக்கும், மாவும் மிக்ஸியில்தான் என்கிறவர்களுக்கும் 750. வீட்டிலேயே மெஸ், டிபன் கடை நடத்துகிறவர்கள் வீட்டு மிக்ஸியை நம்பவே கூடாது. பால் பேரிங் வைத்து நெடுநேரம் விடாமல் ஓடும்படி செய்த சுஜாதா போன்ற 900 வாட் ரகமே அவர்களுக்கு மிச்சம்.

எந்த மிக்ஸியும் சரியாக அமையாத ஒரு கூட்டமும் இருக்கிறது. பிள்ளைகள் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, ஊரில் தனியாக இருக்கும் வயதான தம்பதிகள். இரண்டு இட்லிக்கான சட்னிக்கு 400 மில்லி ஜார்கூடப் பெரிது. பாதி விழுது சுவரில் ஒட்டி நிற்கிறது. ஜாரைத் திருகிப் பூட்ட மணிக்கட்டில் பலமில்லை. அவர்களில் பலர் மறுபடி அம்மிக்கோ, கடையில் வாங்கும் சட்னிக்கோ போய்விட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்துக் கம்பெனிகள் பெட்டியின் மேல் நாலு விவரம் அச்சிட்டால் போதும்: ஒவ்வொரு ஜாரிலும் குறைந்தது எவ்வளவு அரைபடும், காயில் செம்பா, ஸ்டீல் எந்த எண், இந்த மாடலுக்கு எத்தனை வருஷம்வரை உதிரி கிடைக்கும். தர நிர்ணய அமைப்பு இதைக் கட்டாயமாக்கவேண்டும். அதுவரை இந்த நான்கையும் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்டு, அவர் சொல்லும் பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.